ஹார்ம் தாம்சனுக்குப் புளுக வராது

“இந்தப் படகுக்காரர் சொன்னதில் எது உண்மை, எது பொய்?”

ஹாம்பர்க் துறைமுகத்தில் சுற்றுலாப் படகை விட்டு இறங்கிய ஓர் அம்மாள் என்னிடம் இப்படிக் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் விசாரித்தேன்.

படகுக்காரர் பெயர் ஹார்ம் தாம்சன். இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் தண்ணீரின் ஆழத்தை அளந்தவர். ஒரு சாண் தப்பாகச் சொன்னால் கப்பல் தரைதட்டிவிடும். அந்தப் பழக்கம் வாயிலும் ஒட்டிக்கொண்டது. புது உடுப்பு எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டால், இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருக்கிறது என்பார். ஐம்பத்தெட்டு வயதில் அந்த வேலை போயிற்று. கரையில் உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது, தூக்கம் வராது. அதனால் வீப்கே என்ற பெண்மணியின் சுற்றுலாப் படகை ஓட்ட வந்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. படகு ஓட்டுகிறவரே மைக்கில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பாதி புளுகாக இருக்க வேண்டும். பின்வரிசையில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் “புளுகுறான்!” என்று கத்த வேண்டும். அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. ஹார்ம், துறைமுகக் கால்வாயின் இரு கரையிலும் உள்ள பழைய கிடங்குகளைத் தாங்கி நிற்கும் மரக்கம்பங்களைப் பற்றிச் சொன்னார். யாரும் கத்தவில்லை. மூன்று பேர் தூங்கினார்கள்.

“ஹார்ம், நேத்து ஒரு ஆள் விட்ட குறட்டை மைக்குல கேட்டுச்சு,” என்றாள் வீப்கே.

“ஆமா. ரெண்டு ஆள்.”

“சனிக்கிழமை பிரேமன் ஊர்ல இருந்து நாப்பது பேர் வர்றாங்க. அவங்க சிரிக்கலைன்னா நீ கரையில டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு புளுகு போதும்யா!”

சனிக்கிழமை வந்தது. கிடங்குகளுக்கு நடுவே படகு நுழைந்ததும் ஹார்ம் மைக்கை எடுத்தார். “இங்கதான் வாழைப்பழத்தை வளைக்கிறாங்க,” என்றார். யாரும் சிரிப்பதற்குள், “தப்பு. மன்னிச்சுக்கோங்க. அது வளைஞ்சேதான் வரும்,” என்று திருத்தினார். பின்வரிசையில் வீப்கே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை போய்விட்டது என்று ஹார்ம் முடிவு செய்தார். இனி தெரிந்ததையே சொல்லலாம்.

“இந்த ஊர் ஏரியில இருக்கற அன்னங்களைப் பாத்துக்க ஒரு அரசு ஊழியர் இருக்காரு. குளிர் வந்தா எல்லாத்தையும் படகுல ஏத்தி, வேற குளத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு.”

“புளுகுறான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“நெசங்க. அன்னத்தைத் திட்டக்கூடாதுன்னு பழைய சட்டமே இருக்கு.”

“யோவ், அன்னத்துக்கு வக்கீல் யாரு?” என்றாள் ஒரு பெண்.

“தெரியலை. விசாரிச்சுச் சொல்றேன்.”

சிரிப்பில் படகே குலுங்கியது. ஹார்ம் எஞ்சினை நிறுத்தினார். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். ஒருவர் பெஞ்சிலிருந்து விழுந்தார்.

கரைக்கு வந்ததும் வீப்கே அவர் முதுகில் தட்டினாள். “முகத்தை இப்படி வெச்சுக்கிட்டுப் புளுகினவனை நான் பாத்ததே இல்லை. படகு ஓட்டுற வேலை உனக்குத்தான்.”

“அது நெசம்னு உனக்கே தெரியுமே, வீப்கே.”

“தெரியும். வெளிய சொல்லித் தொலைக்காத.”

இப்போது வாரத்தில் ஆறு நாள் ஹார்ம் சத்தியம் செய்கிறார். ஒருவரும் நம்புவதில்லை. அன்னங்களைப் படகில் ஏற்றும் படத்தைக் காட்டினால், எங்கே அச்சடித்தாய் என்று கேட்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் அன்னங்கள் விஷயம் உண்மை என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். அவருடைய படகில் மட்டும் சொல்லாதீர்கள். எல்லோரும் நம்பிவிட்டால், அவர் கரைக்கு வரவேண்டியதாகிவிடும்.