றாபியாவின் வலது முழங்கால்

என் தங்கை றாபியாவின் காலை இத்தா முடக்கிவிட்டது என்று உக்குவளையில் இரண்டொருவர் சொல்கிறார்கள். அது சரியல்ல. கணவனை மவுத்துக்குப் பறிகொடுத்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. அதில் முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நடந்தது வேறு.

றாபியா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழுந்து இருபது வருடத்துக்கு மேல் அடுப்படியில் நின்றதில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. வீடு ரயில் பாதைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. வீதிக்கு வரச் செங்குத்தான படிகள். கடைசியில் அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாள். கண்டி ஆஸ்பத்திரியில் நீண்ட காலம் காத்திருந்து முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள்.

அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். டொக்டரின் வேலை முடிந்தது, இனி உங்கள் வேலை. நாளுக்கு மூன்று வேளை மடக்க வேண்டும். வலிக்கிறதென்று விட்டுவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தொண்ணூறு பாகையாவது மடங்கினால்தான் ஒழுங்காகப் படி இறங்கலாம்.

அவளுடைய கணவர் ஜைனுதீன் மச்சான் அதைப் பொறுப்பெடுத்தார். காலையில் சுபஹ், பிற்பகலில் அஸர், இரவில் இஷா என்று ஒவ்வொரு தொழுகையும் முடிந்த கையோடு அவளைக் கதிரையில் இருத்தி, தான் தரையில் அமர்ந்து, குதிகாலைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார். இந்த மனிசன் என்னைக் கொல்லப் போகிறார் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்க அவள் சத்தம் போடுவாள். அவர் சிரிக்காமல், "ஏசு, ஏசு. ஏசுற நேரம் நல்லா மடங்குது" என்பார். குதிகால் எட்டிய இடத்தில் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் கோடு போடுவார். கோடு மெதுவாகக் கதிரையின் பின்கால்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கிழமை, அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாத்தளைக்குக் கொண்டுபோகும் வழியில் மவுத்து.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று யாருக்கும் அந்தக் காலின் ஞாபகம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. மறுநாளும் வீடு நிறையப் பெண்கள். அவளை மெத்தையில் சாய்த்து, நோகாமல் இருக்கட்டும் என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தார்கள். மகள் அஸ்ரா ஒரு நாள் குதிகாலைப் பிடித்துப் பார்த்தாள். தாய் கத்தியதும் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜைனுதீனின் மூத்த சகோதரி நுஸ்லா, மவுத்து வீட்டில் இதென்ன எக்சசைஸ், இத்தா முடியட்டும், கால் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். அவர் கெட்டவர் அல்ல, தம்பியைப் பறிகொடுத்தவர். கண்டிக்குப் போக வேண்டிய கிளினிக் நாளும் அப்படியே தள்ளிப்போனது. இத்தாவில் இருப்பவள் வைத்தியத்துக்குப் போகலாமா என்று மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடமாவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு நான், அவளுடைய நானா, பல்லேபொலயிலிருந்து போனபோது, அவள் அறையிலிருந்து குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வலது காலைக் கட்டையைப் போல வெளியே வீசி வீசி நடந்தாள். இருக்கச் சொல்லி மடக்கிக் காட்டச் சொன்னேன். பாதி தூரத்தில், சுவரில் முட்டியதுபோல நின்றது.

"எப்ப இருந்து விட்ட?"

"அவர் போன நாள்ல இருந்து. முதல் ரெண்டு நாள் ஏலாமப் போச்சு, நானா. பொறகு தொடங்கப் பயம். நாளைக்குச் செய்வம், நாளைக்குச் செய்வம் எண்டு போச்சு." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாலு மாசம் பத்து நாள் மத்தப் பொம்பளைகளுக்கு. எனக்கு மவுத்து வரைக்கும் இந்த அறைதான்."

அன்றே பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. வைத்தியத் தேவைக்குத் தாராளமாகப் போகலாம், இதை ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டார். மறுநாள் அவளைக் கதிரையோடு தூக்கிப் படியிறக்கிக் கண்டிக்குப் போனோம். மிஸ் கருவியை வைத்து அளந்தார். நாற்பத்தைந்து பாகை. ஜைனுதீன் உயிரோடு இருந்தபோது எழுபது இருந்தது. மிஸ் ஏசவில்லை. அளந்த கருவியை மேசையில் வைத்துவிட்டு டொக்டரைக் கூட்டி வரப் போனார்.

மயக்க மருந்து கொடுத்து வலிந்து மடக்கிப் பார்க்கலாம் என்றார் டொக்டர். எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. மடங்கினாலும், அன்றைக்கே தொடங்கி ஒரு வேளையும் விடாமல் செய்யாவிட்டால் திரும்ப இறுகிவிடும்; பிறகு தன்னிடம் வந்து பயனில்லை. றாபியா சம்மதித்தாள்.

மயக்கம் தெளிந்தபோது கால் வீங்கிப் பளபளத்தது. வார்டிலேயே தொடங்கினாள். தள்ளிவிட ஆளில்லை. அஸ்ராவுக்குத் தாயை நோகடிக்க மனம் வராது. நான் குனிந்தால் நிமிர ஏலாது. பாதத்தில் துவாய்த் துண்டை மாட்டி, இரண்டு கையாலும் தானே இழுத்தாள். வீட்டுக்கு வந்தும் அதே மூன்று வேளை. காய்ச்சலிலும் இழுத்தாள். பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்தது. சில நாள் சிறிது அதிகமாக மடங்கும். மறுநாள் காலையில் பழையபடி கட்டையாக இருக்கும். கிளினிக்கில் அளக்கும்போது எழுபது பாகைக்குக் கிட்டப் போவதும் கீழே வருவதுமாக இருந்தது.

இத்தா முடிந்த அன்று கலேவெலயிலிருந்து சொந்தக்காரர் வான் பிடித்து வந்தார்கள். கூடத்தில் பலகாரம் வைத்திருந்தது. அஸர் தொழுததும் றாபியா அறைக்குள் போனாள். நுஸ்லா பின்னாலேயே போனார்.

"றாபியா, ஆக்கள் பாத்துக்கொண்டு இரிக்கிறாங்க. இண்டைக்கு ஒரு நாளைக்கு விடுங்களே."

"ஒரு நாள் விட்டுத்தான் மதினி இப்பிடி ஆன."

"கத்துறது வெளிய கேக்கும்."

"கேக்கட்டும். நோகுதுதானே."

நுஸ்லா வெளியே வந்து கதவைச் சாத்தினார். சாத்தியும் கேட்டது. கூடத்தில் பலகாரத் தட்டில் கை வைத்தவர்கள் வைத்தபடியே இருந்தார்கள். நுஸ்லா யாரையும் பார்க்காமல் பிளேன்டீ ஊற்றத் தொடங்கினார்.

முடித்து வந்தபோது றாபியாவின் முகமெல்லாம் நனைந்திருந்தது. அன்றைக்கும் முந்தின நாளை விட அதிகம் மடங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் விருந்தினரை வழியனுப்பப் படியின் தலைப்பு வரை வந்தாள். இனி அவள் வெளியே போகலாம், தடையில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை முதல் படியில் இறக்கப் பார்த்தாள். அதற்கு மேலே நிற்கும் வலது முழங்கால் மடங்க வேண்டும். மடங்கவில்லை. வானில் ஏறியவர்கள் கீழேயிருந்து கை காட்டினார்கள். அவளும் கை காட்டிவிட்டுத் திரும்பினாள்.

இஷா தொழுததும் மறுபடியும் துவாயை எடுத்தாள்.