உதடு தெரிய ஒரு மெமரி

ஜூலை 12, சனிக்கிழமை, காலை பத்து இருபது. தென்காசியில் சாரல். குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சளி. அந்தச் சாரலில்தான், பதினோரு வயதான என் கம்ப்யூட்டரின் சி.பி.யு.வை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பக்கத்தில் என் மனைவி கோமதி. ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால்? வழியெல்லாம் இதே கவலை.

கோமதிக்குக் காது கேட்காது. மெஷின் வாங்கினோம். போட்டால் ஐந்தருவி சத்தம் கேட்கிறதென்று கழற்றி வைத்துவிட்டாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். போன் திரை அவள் கண்ணுக்குப் போதாது. ஆகவே, ஞாயிறுதோறும் பெங்களூரு மகளோடு வீடியோ கால் கம்ப்யூட்டரில்தான்.

ஆறு மாதமாகப் படம் நின்று நின்று வந்தது. மகள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவாள். மறுபடி அசைவதற்குள் நாலு வார்த்தை போயிருக்கும். கோமதி "சரி, சரி" என்று தலையாட்டுவாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். போன ஞாயிறு மகள், "எனக்குக் காய்ச்சல்மா" என்றாள். அதற்கும் "சரி, சரி"!

பிறகு நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

புதுசாக என்ன மாட்டலாம்? இணையத்தில் தேடினேன். கிராபிக்ஸ் கார்டு என்றார் ஒருவர், எஸ்.எஸ்.டி. என்றார் இன்னொருவர், மெமரி போதும் என்றார் மூன்றாமவர். தூக்கம் போனதுதான் மிச்சம்.

குற்றாலம் ரோட்டில் காஜா கடை. கடையநல்லூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"மூணையும் போட்டா ராக்கெட் மாதிரி போகும் அண்ணாச்சி."

"எதைப் போட்டால் உதடு தெரியும்?"

"இப்படி யாரும் கேட்டதில்லையே!"

கோமதிதான் காஜாவிடம் வழி சொன்னாள். "ஒவ்வொண்ணா மாட்டுங்க. நீங்க வெளிய நின்னு போன்ல வீடியோ கால் போட்டுப் பேசுங்க. நான் பார்த்துச் சொல்லுதேன்."

கடை மானிட்டரில் இணைத்தார்கள். ஸ்பீக்கர் கிடையாது. முதலில் கிராபிக்ஸ் கார்டு. காஜா சாரலில் நின்று பேசினார். கோமதி உதட்டைப் பிதுக்கினாள். கழற்றியாயிற்று.

"எஸ்.எஸ்.டி. போட்டா சட்டுன்னு ஆன் ஆகும் ஆச்சி."

"எங்களுக்கு என்ன அவசரம்?"

அதுவும் போச்சு. நடுநடுவே நான் விலை, வாரண்டி, திருப்பித் தந்தால் பணமா பொருளா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மெமரி. காஜா மறுபடி வெளியே போனார். போனைப் பிடித்தபடியே பக்கத்து டீக்கடைக்காரரிடம் என்னவோ சொன்னார்...

கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொல்லுதார்?" என்றேன்.

"'ஒரு மெமரிக்கு இந்தக் கிழவர் என் உசுர எடுக்காருலே'ங்காரு!"

காது கேட்காதவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தெருவுக்கே கேட்டது. காஜா நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க..."

கோபமா? ஒரு எழுத்து விடாமல் பிடித்திருக்கிறாள்! நான் காஜாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டேன். "இதையே போட்டுடுங்க" என்றேன். என்னைத் திட்டி எனக்கு இவ்வளவு நல்லது யாரும் செய்ததில்லை.

கடைகளில் வேகம், வேகம் என்கிறார்கள். யாருக்கு, எதற்கு என்று யாராவது கேட்கிறோமா? எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு வாய் மூடித் திறக்கிற வேகம்தான்.

மறுநாள் ஞாயிறு. மகள் முகம் வந்ததுமே கோமதி, "ஏட்டி, காய்ச்சல் விட்டுட்டா?" என்றாள். மகள் பதில் சொன்னாள். அந்தப் பதிலிலிருந்து இவள் அடுத்த கேள்வி கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு "சரி"கூட இல்லை. எனக்குப் பேச ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. கிடைக்காமலே இருக்கட்டும்.

மொத்தச் செலவு, ஆட்டோவும் காஜாவுக்குக் கோமதி வாங்கிக் கொடுக்கச் சொன்ன டீயும் உட்பட... ரூபாய் 1,172.