மாலை போட்டவர் ஏரிக்குப் போனார்

ஐப்பசி மழை ஓய்ந்து ஏரித் தண்ணீர் தெளியும்போதுதான் விரால் நன்றாக மாட்டும். அந்த வருடம் பார்த்து என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். ஆனாலும் சாயங்காலமானால் கீழ்பென்னாத்தூர் ஏரிக்குப் போய்விடுவார். விரதத்தை மீறித் தூண்டில் போடுகிறார் என்று நினைத்து, சண்டை போடத் தயாராகப் பின்னாலேயே போனேன்.

கரையில் வெறுமனே கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பண்றீங்க சாமி?"

"சத்தம் போடாத. மூச்சு வாங்க மேல வரும், பாரு."

சொன்னபடியே ஒரு விரால் வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனது. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. இருட்டும்வரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாலை கழற்றியதும் மறுபடியும் தூண்டிலை எடுத்தார். வெறுங்கையோடு வந்தால், "ஒண்ணும் மாட்டலையா?" என்று முன்பெல்லாம் குத்திக்காட்டுவேன். இப்போது, "இன்னிக்கு விரால் மேல வந்துச்சாங்க?" என்றுதான் கேட்கிறேன்.