கறுப்பு ஒட்டுத்தாள்

1992 ஜூலை 11, சனிக்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூட்டம், தூறலும் இல்லை, வெயிலும் இல்லை, சட்டை முதுகில் ஒட்டும் புழுக்கம். அம்பத்தூரில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு அக்காவோடு போனேன். எனக்கு வயது பன்னிரண்டு. அப்பா, அம்மா இருவருக்கும் சனிக்கிழமையும் வேலை. அண்ணனூர் வீட்டில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் அக்கா தன் வகுப்புக்கு வாராவாரம் கூட்டிப்போவாள். பள்ளியில் என்னோடு பேச ஆளில்லை. வாரத்தில் பேச்சுத்துணை உள்ள நாள் அது ஒன்றுதான்.

சென்டரில் எட்டு மெஷின்கள். தூசியால் வைரஸ் வருமென்று நம்பி, எல்லோரும் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றினார்கள். அன்று பதினேழு ஜோடி. படிப்பு முடிந்ததும் அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலை தருவதாக, சென்டர் நடத்திய சார் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பள்ளியில் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் தானாக வந்து பேசி, விளையாட்டு ஃபிளாப்பி ஒன்றைக் கொடுத்தான். திங்களன்று திருப்பித் தர வேண்டும். விளையாட்டின் பிரதி சென்டரில் இருந்து, சனிதோறும் ஆடினால் அவனோடு தொடர்ந்து பேச விஷயம் இருக்கும். அக்கா தண்ணீர் குடிக்கப் போனபோது, சென்டரின் பாட ஃபிளாப்பியில் அதைப் பிரதி எடுக்கப் பார்த்தேன். மெஷின் மறுத்தது. ஃபிளாப்பியின் ஓர வெட்டைக் கறுப்பு ஒட்டுத்தாள் மூடியிருந்தது. அது இருக்கும்வரை உள்ளே எதையும் எழுத முடியாதென்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். நகத்தால் உரித்தேன். பிரதி விழுந்தது.

அந்த ஃபிளாப்பியிலிருந்து பாடத்தை எட்டு மெஷினிலும் ஏற்றுவது அக்காவின் பொறுப்பு. ஏற்றினாள். பன்னிரண்டே காலுக்குத் திரையில் ஓர் எழுத்து கழன்று கீழே விழுந்தது. பிறகு இரண்டு, பிறகு வரிவரியாக.

"யக்கா, மழ பெய்யுது பாரு" என்றேன்.

அக்கா ஃபிளாப்பியை வெளியே எடுத்து, மூடாத வெட்டை விரலால் தடவினாள்.

சார் வந்து பார்த்தார். "செருப்ப வெளிய வுட்டுட்டு வைரஸ உள்ள இட்டுகினு வந்துகீறீங்க. யாரு வேல இது?"

"நாந்தான் சார். வெளி ஃபிளாப்பி போட்டேன்" என்றாள் அக்கா.

ஒட்டுத்தாள் போட்ட சுத்தமான வேறொரு ஃபிளாப்பியால் சார் ஒவ்வொரு மெஷினாகத் துவக்கி, உள்ளிருந்த அனைத்தையும் அழித்தார். அக்காவை மட்டும் தனியே அழைத்து ஏதோ சொன்னார். இன்றும் எந்தக் கோப்பையும் மூன்று தடவை சோதிக்காமல் நான் திறப்பதில்லை, மகன் சிரிக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை அக்கா டிபன் பாக்ஸோடு தனியாகக் கிளம்பினாள். வழி மறித்தேன்.

"நீ ஊட்லயே இரு" என்றாள்.

சன்னலில் உட்கார்ந்து மின்சார ரயில்களை எண்ணினேன். கோபம் தணிந்தால் கூட்டிப்போவாள் என்று பத்தொன்பது சனிக்கிழமைகள் காத்திருந்தேன். பிறகு அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது.

இனி வர வேண்டாமென்று, எழுத்துகள் விழுந்த அன்றே சார் அக்காவிடம் சொல்லிவிட்டதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா என்னை அடிப்பாரென்று, அத்தனை சனியும் வகுப்புக்குப் போவதுபோலக் கிளம்பி, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலைவரை தனியாக உட்கார்ந்திருந்தாளாம். நான் என் பத்தொன்பதை மட்டுமே எண்ணியிருந்தேன். அவளுடையதையும் சேர்த்தால் மொத்தம் முப்பத்தெட்டு.