பிரேசர் டவுன் கிஃப்ட் கடையில் எனக்கும் ஓர் அலமாரி

சித்தி மகள் கல்யாணத்துக்குப் பரிசு வாங்க, இன்று அம்மாவோடு பெங்களூரு பிரேசர் டவுனின் பழைய கிஃப்ட் கடைக்குப் போனேன். மணப்பெண் என்னைவிடச் சின்னவள். வழியெல்லாம் அம்மா அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் பள்ளியில் படித்தபோது வாசல் பக்கம் விற்காமல் கிடந்த பீங்கான் நாய் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் இப்போது 'ஆன்டிக்' என்று எழுதிய கண்ணாடி அலமாரிக்குள். விலையும் ஏறிவிட்டது.

"என்ன பாய், போகாத சரக்கையெல்லாம் இதுல அடுக்கிட்டீங்களா?" என்றேன்.

கடைக்காரர் ரஹீம் பாய் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"எங்கப்பா கடை தொறந்த நாள்லேர்ந்து இதாம்மா பழக்கம். பத்து வருஷம் போகலைன்னா ஆன்டிக். அலமாரி மாத்திட்டா அப்புறம் பேரமே கிடையாது. புடிச்சவங்க சொன்ன விலைக்கு வாங்கிட்டுப் போவாங்க."

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா ஆரம்பித்தார். "உன்னைப் பாத்துட்டுப் போன கோலார் மாப்பிள்ளை வீட்ல இன்னும் கொஞ்சம் நகை போடச் சொல்றாங்களே, என்னடி பதில் சொல்றது?"

"பொண்ணை அலமாரி மாத்தியாச்சு, இனிமே பேரம் இல்லைன்னு சொல்லிடும்மா."

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

ஆன்டிக் அலமாரியில் என் தட்டில் இன்னும் இடம் இருக்கிறது. வேறு யாரெல்லாம் வருகிறீர்கள்?