டிரான்ஸ்பர் பெட்டியோடு சூலூர் போய் வந்தேன்

கவின், தர்ஷினி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அப்பா பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள். புதன்கிழமை விடியும் முன்னே எங்கே போனேன், ஏன் அத்தனை கோபமாகத் திரும்பி வந்தேன் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் கெட்ட வார்த்தை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நம் ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இரண்டு கம்பி இருக்கிறதல்லவா, அவற்றுக்குக் கீழே இருப்பதுதான் டிரான்ஸ்பர் பெட்டி. எஞ்சினின் பலத்தை வாங்கி முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதில் லோ கியரைப் போட்டால், இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொள்ளும். அந்தக் கியர் நழுவினால் பிடிமானம் போயிற்று. போன வாரம் மூன்றாவது வளைவில் அதுதான் நடந்தது. அவரைக்காய் மூட்டைப் பாரத்துக்குக் கால் பிரேக் போதவில்லை. கை பிரேக்கில் பெட்டியிலிருந்து ஒழுகிய ஆயில் ஊறிக் கிடந்தது. மண் மேட்டில் இடித்துத்தான் நிறுத்தினேன். தர்ஷினியின் முன்பல் பாதி போயிற்று. இடப்பக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆறு மாதம் முன்னால்தான் மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக் ராஜேந்திரனிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்துச் சரிசெய்தேன். "உள்ளார எல்லாம் புதுசு மாத்திப்போட்டனுங்க. எதுக்கும் ஒரு பாதுகாப்புக்கு டியூப்பு மாட்டி உட்டிருக்கறனுங்க" என்றார். வண்டித் தரையில் ஒரு கொக்கியைப் பற்றவைத்து, சைக்கிள் டியூப்பைக் கிழித்து, லோ கியர் கம்பி நழுவாமல் கொக்கியோடு இழுத்துக் கட்டியிருந்தார். நம் மலைக்கு ஓடுகிற ஜீப்பில் பாதிக்கு மேல் அந்த டியூப்பு உண்டு. அன்றைக்கு அறுந்தது அதுதான்.

அறுந்த டியூப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். தர்ஷினி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறாள். அவள் முன்னாலேயே ராஜேந்திரன் சொன்னார்: "சைக்கிள் டியூப்பு தாங்காதுங்க. லாரி டியூப்பு போட்டுக்கலாமுங்க."

அன்றைக்கே உங்கள் செல்வராஜ் மாமனும் நானும் அடிவாரத்தில் மாமன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பெட்டியைக் கழற்றிச் சாக்கில் கட்டினோம். கனம் ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

புதன், காலை ஆறரை. மேட்டுப்பாளையம் பஸ் நிலையம். கோயமுத்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். கண்டக்டர் சாக்கைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏனுங்க, என்னங்க அது? ஆயிலு சொட்டுது."

"ஜீப்பு சாமானுங்க."

"எறக்கிப்போடுங்க."

கறிவேப்பிலைக் கட்டோடு முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பினார். "ஏனுங் கண்டக்டரு, நேத்து ஆட்டுக்குட்டிய ஏத்துனீங்கல்ல? இது உங்கள முட்டுதுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்கு மூக்குச் சிவந்துவிட்டது. "அப்படீன்னா டிக்கெட்டு எடுக்கோணுமுங்க. உங்களுக்கொண்ணு, அதுக்கொண்ணு." ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். கொடுத்தேன். டிக்கெட் எடுத்தவருக்குச் சீட்டு உண்டல்லவா? அந்த அம்மா கொடுத்த பழைய பேப்பரை விரித்துப் பெட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வரைக்கும் அது காற்று வாங்கிக்கொண்டே வந்தது. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

சாய்பாபா காலனியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, உக்கடம் சேர்ந்தபோது மணி ஒன்பது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், குளத்துக் காற்று வீசுகிற ஒரு சந்தில், உடைத்த வண்டிகளின் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. வாசலெல்லாம் கதவும் அச்சும் சக்கரமும் குவிந்து கிடக்கும். ஜலீல் பாய் என்பவரின் கடைக்கு மாமன் வழி சொல்லி அனுப்பியிருந்தார். பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஆணிங்க, பாய்."

"நெலக்கதவுக்கு அடிக்கிற ஆணி. கியரைப் புடிச்சு நிறுத்த உள்ள ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங்கு தளந்துபோச்சுன்னு உங்க மெக்கானிக்கு ஆணிய வெட்டி முட்டுக் குடுத்திருக்காரு. நல்ல தச்சரு."

பல் சக்கரத்தை வெளியே எடுத்தார். கரைந்த சோப்புக் கட்டிபோல ஒவ்வொரு பல்லும் மழுங்கியிருந்தது. பேரிங், ஆயில் சீல் எல்லாம் பழசு. உள்ளே ஒரு சாமானைக்கூட மாற்றவில்லை! அந்தப் பெட்டியை நம்பித்தான் ஆறு மாதமாக உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினேன். பாய் மீதி டீயை என் பக்கம் தள்ளினார்.

"புதுச் சக்கரம் இருக்குங்களா?" என்றேன்.

"இருக்கு. ஆனா மாட்டுனா மறுபடி தேயும். இந்தா, சக்கரத்தத் தாங்குற ஷாஃப்ட்டு உக்கார்ற ஓட்டையப் பாருங்க. வட்டமா இருக்கணும், முட்டையாட்டம் ஆயிருச்சு. கோணலா நின்னு கோணலாத் தேஞ்சு, ஒரு வருசத்துல பாய் ஏமாத்திட்டான்னு வந்து நிப்பீங்க. சூலூருக்குப் போய் ஓட்டையத் துருவி, உள்ள புஷ்ஷுன்னு ஒரு வளையம் போட்டுக்கிட்டு அப்புறம் மாட்டுங்க. அங்க முடியாதுன்னா சக்கரத்தத் திருப்பிக் கொண்டாங்க." சக்கரம், ஷாஃப்ட், பேரிங், ஸ்பிரிங், சீல் எல்லாம் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கும்போது கேட்டார்: "மெக்கானிக்கிட்ட அன்னிக்கே பழைய சாமான்களக் கேட்டு வாங்கலியா?"

இல்லை. யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் அப்படிக் கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் இலையைக் கழுவினீர்களா என்று கேட்பதைப் போல. கேட்டுவிட்டால், "நம்பிக்கை இல்லீங்களா?" என்று மெக்கானிக்கின் முகம் வாடும். அந்த முகவாட்டத்துக்குப் பயந்து, "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

உக்கடத்திலிருந்து திருச்சி ரோட்டில் சூலூர் இருபது கிலோமீட்டர். ரோடு பாய் விரித்த மாதிரி இருந்தது. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் தாண்டும்போது கோபம் வேறு பக்கம் திரும்பியது. நம் மலைக்கு வெறும் நாலு கிலோமீட்டர்தான். ரோடு போட அளந்து மஞ்சள் கல் நட்டுப் போனார்கள். அந்தக் கல்லின் மேல் இப்போது ஆடு ஏறி நிற்கிறது. தார் ரோடு வந்திருந்தால் நமக்கு லோ கியர் எதற்கு, டியூப்பு எதற்கு?

சூலூரில் தறிக் குடோன்களுக்கு நடுவில் அந்த லேத் பட்டறை. தறிச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். தலைக்கு மேலே ஏர்போர்ஸ் விமானம் போனால் கத்துவதும் நின்றுவிடும். பட்டறையை நடத்துகிறவர் சாந்தாமணி என்கிற அம்மா. அவர் வீட்டுக்காரர் மெஷினில் நிற்கிறார். ஓட்டையை அளந்து பார்த்து, "சாயங்காலம் ஆகுமுங்க. சாப்புட்டுப்போட்டு வாங்க" என்று கத்தினார் அந்த அம்மா. நான் நகரவில்லை. இந்தத் தடவை கண்ணால் பார்க்காமல் போவதில்லை என்று வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னுங்க, காவலுக்கு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"அப்படி இருங்க. சும்மா இருக்கறதுக்கு அந்த ஃபேனை இக்கட்டால, எம்பக்கம் திருப்பி வையுங்க."

துருவல் சுருள் சுருளாக விழுந்தது. வெண்கல நிறத்தில் புஷ்ஷை இறக்கி, புது ஷாஃப்டை உள்ளே விட்டார்கள். மோதிரத்துக்குள் விரல் போவதுபோல, இறுக்கமாக, ஆனால் சிக்காமல் போயிற்று. சக்கரம், குண்டு, ஸ்பிரிங், சீல் எல்லாம் என் கண் முன்னாலேயே ஏறின. நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே சாந்தாமணி அம்மா ஒரு பையை நீட்டினார். கழற்றிய பழைய சாமான் எல்லாம் அதில்.

பழக்கதோஷம் பாருங்கள், என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "வேண்டாமுங்க, நம்பிக்கை இருக்குதுங்க."

"நம்பிக்கைய ஊட்டுல வெச்சுக்குங்க. சாமானத்தப் பாருங்க" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

அதே பையோடு, பொழுது சாயும்போது ராஜேந்திரன் பட்டறை முன்னால் நின்றேன். அவருடைய வேலைப் பலகையில் மழுங்கிய சக்கரத்தையும் அந்த ஆணியையும் வைத்தேன்.

"இதுதானுங்களா நீங்க மாத்துன புதுசு?"

அவர் ஆணியைப் பார்த்தார். "அப்ப சாமான் கெடைக்கலீங்க. வண்டி வேணுமுன்னு நீங்கதான் அவசரப்பட்டீங்க."

"கெடைக்கலைன்னு சொல்லியிருக்கோணுமுங்க. எம்பட புள்ளைக பின்னாடி உக்காந்திருந்தாங்க. நீங்க மனுசனுங்களா?"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையாத்தானுங்க கேக்கறேன்!"

பக்கத்து டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருசத்துல ஒருத்தரும் பழசக் காட்டுன்னு கேட்டதில்லீங்க. எல்லாத்துக்கும் டியூப்பு போதுமா இருந்துது." அது மன்னிப்பா, இல்லை என் மேலேயே போடுகிற பழியா என்று இன்னும் விளங்கவில்லை. அவரை அடிக்கவில்லை. அடிக்கவில்லையே என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அந்த ஆணியை மட்டும் அவர் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பிள்ளைகளே. சூலூரில் என்னை யாரும் கும்பிடவில்லை, காவல்காரன் என்று கேலிதான் செய்தார்கள். அங்கே வேலை நடந்தது. நம் ஊரில் இத்தனை 'ங்க' போட்டுப் பேசினோம், உள்ளே ஆணி இருந்தது. மரியாதையை விடச் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு மரியாதை கொடுங்கள்.

மறுநாள் மாமனும் நானும் பெட்டியை வண்டியில் மாட்டி மலைக்கு ஏற்றினோம். வெள்ளிக்கிழமை காலை, நீங்கள் தூங்கும்போது, அவரைக்காய் மூட்டைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு நான் தனியாக இறங்கினேன். மூன்றாவது வளைவில் லோ கியரில் போட்டு, கம்பியிலிருந்து கையை எடுத்தேன். பிரேக்கிலிருந்து காலையும் எடுத்தேன். எஞ்சின் உறுமிற்று. வண்டி ஒரு கிழட்டு எருமை மாதிரி, அதன் போக்கில் மெதுவாக இறங்கியது. கம்பி அசையவில்லை.

கீழே போய்ச் சமதளத்தில் நிறுத்தி, ரம்பத்தகட்டை எடுத்தேன். ராஜேந்திரன் பற்றவைத்த கொக்கி தரையில் அப்படியே இருந்தது. இன்னும் சில வருடம் போனால் இந்தப் பல் சக்கரமும் தேயும். அப்போது கையில் காசு இருக்காது, அவசரம் இருக்கும், டியூப்பு கண்ணில் படும். கொக்கி இருந்தால் நானே கட்டிவிடுவேன். முட்டி போட்டு உட்கார்ந்து, அது விழும் வரைக்கும் அறுத்தேன்.