தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரீச்ச மரம்

பதினாறு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பின்திரை வரைந்தவள் நான். மைசூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி. நான் ஓவிய டீச்சர், ஐந்து வேளை தொழுகிற முஸ்லிம். மாட்டுத் தொழுவம், நட்சத்திரம், மூன்று ஒட்டகம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். உங்கள் கைக்கு ஒட்டகம் தானாக வருகிறது மிஸ் என்று எல்லோரும் மெச்சுவார்கள். நான் ஒட்டகத்தைப் பார்த்ததே தசரா பொருட்காட்சியில்தான்.

நாடகத்தைச் சொல்லிக் கொடுத்த டீச்சர், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் மார்டள்ளி ஊர்க்காரி. கத்தோலிக்கப் பெண், என்னைவிடச் சின்னவள். பதினொரு வருடமாக மதியத்தில் என் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவள். போன வருடம் ஒத்திகை தொடங்கிய வாரம், சாப்பிடும்போது உங்கள் ஆட்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்தப் பள்ளியில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

சொன்னேன். இயேசுவை நாங்கள் ஈஸா நபி என்போம்; எங்களுக்கு அவர் இறைவனின் மகன் இல்லை, இறைவன் அனுப்பிய தூதர். அவர் பெயரைச் சொன்னால் அவர்மேல் சாந்தி உண்டாகட்டும் என்று சேர்த்துத்தான் சொல்வோம். தகப்பன் இல்லாமல் பிறந்தவர் என்பதை நாங்களும் நம்புகிறோம். ஆனால் எங்கள் கதையில் தொழுவமும் இல்லை, மாதாவின் கணவர் சூசையப்பரும் இல்லை. அவர் தாய் மரியம் தன்னந்தனியாக ஊரை விட்டு விலகிப் போகிறாள். வலி தாங்காமல் ஒரு பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டு, இதற்கு முன்னாலேயே செத்திருக்கக் கூடாதா என்று அழுகிறாள். மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால் ஊரே வாய்க்கு வந்தபடி பேசுகிறது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையைக் கைகாட்டினாள். தொட்டில் பிள்ளை வாய் திறந்து அம்மாவுக்காகப் பேசியது.

சோற்றில் கை வைத்தபடியே அவள் கண் கலங்கிவிட்டாள். “அந்த மரத்தையும் ஓரமா வரைஞ்சு வுடுங்க அக்கா. யாரு வேண்டாங்கப் போறாங்க?” என்றாள்.

ஓரமாகத்தான் ஆரம்பித்தேன். பழக்குலைக்குச் சிவப்பு வைத்ததும் என் கை நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த கதையை வரைய முதல்முறையாக இடம் கிடைத்த சந்தோஷம். முடித்துவிட்டுப் பார்த்தால் தொழுவத்தைவிட மரம் பெரிது. தப்பு என்றால் அது என் தப்புதான்.

ஒத்திகைக்கு வந்த ஒரு அம்மா அதைப் போட்டோ எடுத்து பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். இயேசு பிறப்பையே மாற்றுகிறார்கள் என்று அதற்குக் கீழே ஒரு வரி. சாயங்காலத்துக்குள் நான் ஊரறிந்தவள் ஆகிவிட்டேன்.

மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் தலைமையாசிரியையான சிஸ்டர் தன் அறைக்கு அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். யாரைக் கேட்டு அந்த மரத்தை வரைந்தீர்கள் என்று கன்னடத்தில், மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சிஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மரத்தை அழித்துவிடுங்கள், அடுத்த வருடத்திலிருந்து திரையை வெளியாளிடம் கொடுத்துக்கொள்கிறோம் என்றார்.

நானே வெள்ளை அடித்தேன். இரண்டு பூச்சு அடித்தும் அந்தச் சிவப்பு லேசாகத் தெரிந்தது. அவள் வந்து பின்னால் நின்றாள்.

“என்ர வேலை இன்னும் நிரந்தரமாகலீங்க அக்கா. உங்களுக்குத் தெரியுமில்ல?” என்றாள்.

தெரியும். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டில் பிள்ளை பேசியதை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. பதினொரு வருடம் என் சோற்றைத் தின்ற வாய் திறக்காது என்பதைத்தான் நான் நம்பியிருக்கவில்லை.